முதல் கிறிஸ்துமஸ் கார்டு 1843 என்றால், அதற்கப்புறம் முப்பது வருடம் என்ன ஆயிற்று?

தாள்வாசம் கேட்கிறார்:

வணக்கம். பழைய காகிதங்கள் சேர்ப்பதில் நான் புதியவள். அண்மையில் இணைய ஏலம் ஒன்றில் விக்டோரியா காலத்து இங்கிலாந்து ஆல்பம் ஒன்று எடுத்தேன். கனத்த தோல் அட்டை, முதுகு விட்டுப்போயிருக்கிறது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கிறிஸ்துமஸ் கார்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் ஒவ்வொரு கார்டுக்கும் கீழே, அனுப்பியவர் பெயரின் முதலெழுத்தையும் வருடத்தையும் பென்சிலால் குறித்திருக்கிறார். அதில் மிகப் பழையது 1873. கடைசி 1896.

இந்த வழக்கத்தின் வரலாற்றைத் தேடினால் எங்கே பார்த்தாலும் “1843, லண்டன், ஹென்றி கோல்” என்ற ஒரே வரிதான் கிடைக்கிறது. அப்படியானால் நடுவில் முப்பது வருடம் என்ன நடந்தது? யாரும் அனுப்பவில்லையா, அனுப்பியது எதுவும் மிஞ்சவில்லையா?

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. இந்த ஆல்பத்தில் குழந்தை இயேசு அநேகமாக இல்லை. பனியும் குறைவு. ரோஜா, ப்ரிம்ரோஸ், பட்டாம்பூச்சி, கடற்கரையில் சிறுமிகள், குடை பிடித்த தவளை. ஒரு கார்டில் ராபின் பறவை ஒன்று செத்து மல்லாந்து கிடக்கிறது, அதற்குக் கீழே மகிழ்ச்சியான கிறிஸ்துமஸ் வாழ்த்து! இதையெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஏன் அனுப்பினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு:

கோல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த ஒற்றை வரியில் நிறைய விட்டுப்போகிறது.

கோல் அப்போது அரசு ஆவணக் காப்பகத்தில் அதிகாரி. பிற்பாடு 1851 மாபெரும் கண்காட்சியை நடத்திக் காட்டியவர்களில் ஒருவர். இன்றைக்கு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று இருக்கிறதே, அதன் முதல் இயக்குநரும் அவர்தான். 1843 டிசம்பர் 17 மாலை, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி கிறிஸ்துமஸ் கார்டுக்கான படத்தைக் கொண்டுவந்தார் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பண்டிகைக்கு எட்டே நாள்! கல்லச்சில் கோடுகளை மட்டும் அச்சடித்து, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். ஆயிரம் பிரதி வரை அடித்ததாகச் சொல்வார்கள். தனக்கு வேண்டியது போக மீதியை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு விட்டார்.

படத்தில் மூன்று பகுதிகள். நடுவில் பாட்டன் முதல் பேரன் வரை ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பார்க்கிறவரை நோக்கி ஒயின் கோப்பையை உயர்த்துகிறது. இடப்புறம் பசித்தவருக்கு உணவு கொடுக்கிறார்கள், வலப்புறம் ஏழைக்குத் துணி போர்த்துகிறார்கள். நடுப்படத்தில் ஒரு சின்னக் குழந்தையின் வாயிலும் கோப்பையை வைத்திருப்பதால் மதுவிலக்கு இயக்கத்தினர் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த ஆயிரத்தில் இன்று மிஞ்சியவை மிகச் சில. கோல் தன் பாட்டிக்கு அனுப்பிய ஒன்று 2001இல் 22,500 பவுண்டுக்கு ஏலம் போனது.

“முதல்” என்ற பட்டத்துக்குப் போட்டியும் உண்டு. வில்லியம் எக்லி என்ற இளைஞர் செதுக்கிய கார்டு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வருடத்தின் கடைசி இலக்கம் 2 போலவும் தெரியும், 8 போலவும் தெரியும். 1842 என்று படித்தால் அவர் கோலுக்கு முந்தியவர், 1848 என்றால் பிந்தியவர். இன்னும் பின்னே போனால், ஜெர்மானிய மருத்துவர் மைக்கேல் மையர் 1611இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துத் தாள் இருக்கிறது. நடுவில் எழுத்துகளாலேயே ரோஜா வடிவம் அமைத்த பெரிய தாள் அது. ஆனால் ஒருவர் ஒரு மன்னருக்குக் கொடுத்த வாழ்த்தை வழக்கத்தின் தொடக்கம் என்று சொல்ல முடியாது.

பின்பக்கம்:

தாள்வாசம், உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. எல்லாரும் 1843ஐப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நடுவிலுள்ள இடைவெளியைக் கேட்கிறீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நான் நெடுங்காலமாகக் கார்டுகள் சேர்க்கிறேன். எந்தக் கார்டு கைக்கு வந்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்பேன், அதனால்தான் இந்தப் பெயர். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதிப்பட்டுப்போன எண்ணம் ஒன்று உண்டு: கிறிஸ்துமஸ் கார்டை வழக்கமாக்கியது ஓவியர்கள் அல்ல, தபால் கட்டணம். படத்தை மறைத்துவிட்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்தாலே இந்த வரலாறு முழுக்கப் புரிந்துவிடும்.

1840க்கு முன்னால் பிரிட்டனில் கடிதம் என்பது எப்படி இருந்தது என்று பாருங்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, அதோடு எத்தனை தாள் என்பதையும் பொறுத்தது. ஒரு தாளுக்கு ஒரு கட்டணம், இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறைகூட ஒரு தாள்தான் என்று கணக்கிட்டார்கள்! அதனால் உறையே அநேகமாகக் கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு முத்திரை வைத்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி அனுப்பினார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாளுக்கே ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆகும். அதையும் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்ட வேண்டும். வாழ்த்துச் சொல்லப்போய் நண்பரிடம் காசு கேட்பது போல ஆகிவிடும். இந்த ஏற்பாட்டில் உறைக்குள் ஒரு அட்டையை வைத்து அனுப்ப யாருக்குத் தோன்றும்?

1840 ஜனவரி 10 அன்று ரோலண்ட் ஹில்லின் பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும், அரை அவுன்ஸ் எடைக்குள் இருந்தால் ஒரு பென்னி. அனுப்புகிறவர் கட்டுவார். அதே ஆண்டு மே மாதம் பென்னி பிளாக் தபால்தலை வந்தது. தாளை எண்ணுவது போய் எடையைப் பார்ப்பது வந்ததால் உறைக்குத் தனிக் காசு இல்லை. அதாவது “உறைக்குள் ஒரு அட்டை” என்ற வடிவமே அன்றுதான் சாத்தியமாயிற்று. 1839இல் பிரிட்டிஷ் தபால்துறை எடுத்துச் சென்ற கடிதங்கள் சுமார் 7 கோடியே 60 லட்சம். மறு வருடமே ஏறக்குறைய 17 கோடி.

இப்போது கோலைத் திரும்பிப் பாருங்கள். அவர் வெறுமனே கலை ஆர்வலர் அல்ல. பென்னித் தபாலுக்காக ஹில்லோடு நின்று பிரசாரம் செய்தவர். அதை எப்படி நடத்தலாம் என்று அரசின் கருவூலம் வைத்த போட்டியில் பரிசும் வாங்கியவர். புதிய தபால் என்ன செய்யும் என்று அவருக்கு விரல் நுனியில் தெரியும். அவர் கார்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் படமே அல்ல. மேலே பெறுபவர் பெயருக்கு ஒரு வெற்றுக் கோடு, கீழே அனுப்புபவர் பெயருக்கு ஒரு வெற்றுக் கோடு, அவ்வளவுதான். வாழ்த்தை வேறொருவர் எழுதி அச்சடித்துவிட்டார், நீங்கள் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். நான்கு பக்கம் கடிதம் எழுத நேரமோ பழக்கமோ இல்லாதவரும் தூரத்தில் இருப்பவரை நினைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதே இல்லை. எழுதவே வாய்ப்பில்லாதவர்களுக்கும் அது கதவைத் திறந்துவிட்டது.

ஆனால் விலை? ஒரு ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி. அந்தக் காலத்தில் வயலில் கூலி வேலை செய்பவருக்கு வாரக் கூலி பத்து ஷில்லிங்கை எட்டுவதே அரிது. அனுப்புவதற்கு ஒரு பென்னி, அனுப்புகிற பொருளுக்குப் பன்னிரண்டு பென்னி என்றால் கணக்கு ஒத்துவராது. கோலின் கார்டு அடுத்த வருடம் தொடரவில்லை. அங்கங்கே ஒரு சிலர் முயன்றார்கள். 1862இல் சீட்டுக்கட்டு தயாரித்துவந்த சார்லஸ் குடால் நிறுவனம் விசிட்டிங் கார்டு அளவில் சின்னச் சின்ன அட்டைகள் அடித்தது. அப்புறம் பெல்ஃபாஸ்ட்டின் மார்க்கஸ் வார்ட் நிறுவனம் இறங்கியது. கேட் கிரீனவே இளம் ஓவியராக அவர்களுக்கு வரைந்தார். இன்னும் அது வசதியுள்ளவர்களின் விஷயமாகவே இருந்தது.

1870இல் கணக்கு மாறியது. அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் போஸ்ட்கார்டு வந்தது, கட்டணம் அரை பென்னி. ஒட்டாத உறையில் போகும் அச்சிட்ட தாளுக்கும் அதே அரை பென்னிதான். கார்டை உறைக்குள் போட்டு, மடிப்பை ஒட்டாமல் செருகி அனுப்பினால் பாதிக் காசில் வேலை முடிந்தது. உங்கள் ஆல்பம் 1873இல் தொடங்குவது தற்செயல் அல்ல. நான் பார்த்த ஆல்பங்களில் பலவும் அந்தப் பத்தாண்டில்தான் தொடங்குகின்றன. பத்தே வருடத்தில் டிசம்பர் மாதத் தபால் மூட்டைகளைச் சமாளிக்க முடியாமல், “கிறிஸ்துமஸ் தபாலை முன்கூட்டியே அனுப்புங்கள்” என்று 1880இல் தபால்துறையே மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

இனி படங்கள். ரோஜாவும் ப்ரிம்ரோஸும் எங்கிருந்து வந்தன என்றால், கார்டு அடித்தவர்கள் ஏற்கெனவே காதலர் தின வாழ்த்துகள் அடித்துவந்தவர்கள். மன்மதன், சரிகை போல் துளையிட்ட காகிதம், பூங்கொத்து, எல்லாம் கடையில் தயாராக இருந்தன. ஒரே பூப்படத்தை அடித்துவைத்துக்கொண்டு, வாசகத்தை மட்டும் மாற்றிக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிறந்தநாள் என்று விற்றார்கள். அதோடு, குளிரும் இருட்டுமான டிசம்பரில் வசந்தத்தின் பூ வீட்டுக்கு வருவதை மக்கள் மனமாரவே விரும்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ராபினுக்கு வேறு கதை. லண்டனில் கடிதம் கொண்டுவருபவர்களுக்கு 1793 முதல் செந்நிறக் கோட்டுதான் சீருடை. சிவந்த மார்புள்ள பறவையின் பெயரைச் சொல்லியே மக்கள் அவர்களை “ராபின்” என்று கூப்பிட்டார்கள். 1861இல் சீருடை நீலமானது, கூப்பிடுகிற பெயர் அதற்கப்புறமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் பல கார்டுகளில் ராபின் அலகில் கடிதத்தோடு வாசற்படியில் நிற்கிறது. அது பறவை வேடத்தில் நிற்கும் தபால்காரர். செத்த ராபினைப் பார்த்தால் எனக்கும் மனசு கனக்கும். பனியில் விறைத்த சின்னஞ்சிறு உடல் அந்தக் காலத்தவருக்கு, குளிரில் வாடும் ஏழைக் குழந்தைகளை நினைக்கச் சொல்லும் இரக்கப் படமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கோலின் கார்டிலும் இரண்டு ஓரங்களில் அதே இரக்கம்தானே இருக்கிறது?

தபால்தலைப் பிரியன்:

பின்பக்கம் சொல்வதில் முக்கால்வாசியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கட்டணம் ஒன்றையே காரணமாகக் காட்டினால் அச்சுக்காரர்களுக்கு அநியாயம் செய்கிறோம். அரை பென்னித் தபால் இருந்தும் கார்டு ஒரு ஷில்லிங்காகவே இருந்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? கார்டு விலையைக் கீழே இறக்கியது வண்ணக் கல்லச்சு, குரோமோலித்தோகிராஃபி.

கல்லச்சை ஜெர்மனியின் அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களில் கண்டுபிடித்தார். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தள்ளிவிடும். வண்ணப் படம் வேண்டுமானால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் போய்வர வேண்டும், மயிரிழை பிசகினாலும் குழந்தையின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். நீராவி அச்சு இயந்திரம் வந்தபின் இதைப் பெருமளவில் செய்ய முடிந்தது. ஜெர்மானியக் கூடங்கள் இதில் கைதேர்ந்தவை. பிரிட்டனில் விற்ற கார்டுகளில் பெரும் பங்கு அங்கே அடித்ததுதான்.

அமெரிக்காவில் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் லூயி பிராங். பிறந்தது பிரஷ்யாவின் பிரெஸ்லாவ். 1848 புரட்சிக்குப்பின் தப்பி அமெரிக்கா போய், பாஸ்டனில் அச்சுக்கூடம் வைத்தார். 1870களின் நடுவில் முதலில் இங்கிலாந்திலும் மறு வருடம் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் கார்டு விற்றார். கறுத்த பின்புலத்தில் பூக்கள், இருபது கல் வரை வைத்து அடித்த வண்ணங்கள்! 1880இல் கார்டு ஓவியத்துக்குப் போட்டி வைத்து, முதல் பரிசாக 1,000 டாலர் கொடுத்தார். அதை வென்றவர் ரோசினா எம்மட் என்ற பெண் ஓவியர். 1880களின் தொடக்கத்தில் அவர் கூடம் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் கார்டுகள் அடித்தது. கடைசியில் ஜெர்மனியிலிருந்து வந்த மலிவுச் சரக்கோடு போட்டியிட மனமில்லாமல், தரத்தைக் குறைக்கவும் மாட்டேன் என்று, 1890களில் அந்தத் தொழிலிலிருந்தே விலகினார். அந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1838 முதலே ஓடும் ரயிலுக்குள் வைத்துக் கடிதங்களைப் பிரித்தார்கள். டிசம்பர் 23இல் போட்டது 25க்குள் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் வழக்கம் நிலைத்திருக்காது. இங்கிலாந்தில் 1960 வரைக்கும் கிறிஸ்துமஸ் நாளன்றே தபால் பட்டுவாடா உண்டு.

பின்பக்கம்:

தபால்தலைப் பிரியன் சொன்னது சரியான சேர்க்கை. கட்டணம் கதவைத் திறந்தது, அதன் வழியாக உள்ளே வந்தது வண்ணக் கல்லச்சு. ஆனாலும் வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்ணக் கல்லச்சு 1830களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. மலிவுக் கார்டு அடிக்க யாரும் அதைத் திருப்பவில்லை. அரை பென்னிக்கு அனுப்பலாம் என்றானபிறகுதான் முதலாளிகள் அந்தச் சந்தையை நம்பிப் பணம் போட்டார்கள்.

தாள்வாசம்:

எல்லாருக்கும் நன்றி. மறுபடி ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன், இப்போது வேறு கண்ணோடு. இரண்டு சந்தேகங்கள். ஒன்று, எந்தக் கார்டிலும் தபால்தலையோ முத்திரையோ இல்லை, அது ஏன்? இரண்டு, வருடம் குறிக்காமல் சில கார்டுகள் இருக்கின்றன. ஒன்றில் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புப் பட்டு இழைகள் தொங்குகின்றன. இன்னொன்றில் ஓவியர்கள் படம் வைத்து வரையும் தாங்கியும் வண்ணத் தட்டும் சின்னமாக அச்சிட்டிருக்கிறது. இவற்றின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு ஒரு ஏக்கம் வருகிறது. இந்த வழக்கம் இதற்குப்பிறகு எப்படிப் போயிற்று?

மைக்கூடு:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், காலம் கணிப்பதைப் பின்பக்கம் பார்த்துக்கொள்வார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படப் போஸ்ட்கார்டு மோகம் வந்தது. உறையே வேண்டாம், படத்தின் பின்னாலேயே முகவரி. கன்சாஸ் சிட்டியில் ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் 1910இல் போஸ்ட்கார்டு விற்கத்தான் தொடங்கினார். ஆனால் மனசில் உள்ளதை எல்லாரும் படிக்கும்படி அனுப்ப மக்கள் விரும்பவில்லை என்று பட்டதும், மடித்து உறைக்குள் வைக்கும் கார்டுக்கு மாறினார். இன்று ஹால்மார்க் என்று தெரிவது அந்த நிறுவனம்தான். பிரதான கடைச் சரக்காக மடிப்பு அட்டை நிலைத்தது இப்படித்தான்.

என்னை மிகவும் உருக்குபவை போர்க்காலக் கார்டுகள். 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டி போயிற்று, உள்ளே புகையிலையோடு வாழ்த்து அட்டையும். அதே சமயம் மன்னரும் அரசியும் தங்கள் படம் போட்ட ஒரு கார்டையும் அனுப்பினார்கள். கடவுள் உங்களைக் காத்துப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும் என்ற வாசகம், கையெழுத்தைப் போலவே அச்சிட்டது. மறுபக்கம், பிரான்ஸில் இருந்த வீரர்கள் வீட்டுக்கு அனுப்பியவை பட்டு எம்பிராய்டரி கார்டுகள். சல்லாத் துணியில் பிரெஞ்சுப் பெண்கள் நூல் வேலை செய்து, அட்டைச் சட்டத்தில் பொருத்தியவை. இரண்டாம் போரில் விமானத்தில் இடம் இல்லாததால், வாழ்த்தை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து, அந்தச் சுருளை மட்டும் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் சின்னத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிரிட்டன் அதை ஏர்கிராஃப் என்றது, அமெரிக்கா வி-மெயில் என்றது.

போர் முடிந்தபின் செக்கோஸ்லோவாக்கியாவில் யூனிசெஃப் செய்த உதவிக்கு நன்றியாக யிட்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, கம்பத்தைச் சுற்றி ஆடும் குழந்தைகளை வரைந்து அனுப்பினாள். கண்ணாடியில் வரைந்த படம் அது, தாள் கிடைக்கவில்லை! 1949இல் யூனிசெஃப் அதைத் தன் முதல் வாழ்த்து அட்டையாக அச்சிட்டது. கார்டு வாங்கினால் அந்தக் காசு ஒரு குழந்தைக்குப் போய்ச் சேரும் என்ற ஏற்பாடு பலருக்குப் பழக்கமானது அதன் வழியாகத்தான்.

தபால்தலைப் பிரியன்:

ஒரு சின்ன இடைச்செருகல். கிறிஸ்துமஸுக்கென்றே தபால்தலை வெளியிடுவது கார்டை விட மிகப் பிந்தியது. அமெரிக்காவில் 1962, பிரிட்டனில் 1966. பிரிட்டனின் முதல் இரண்டு தலைகளையும் வரைந்தவர்கள் ஆறு வயதுக் குழந்தைகள், போட்டியில் தேர்வானவை. ஒன்றில் ஒரு ராஜா, இன்னொன்றில் பனிமனிதன். தபால்தலை சேர்க்க ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஜோடியைத்தான்.

பின்பக்கம்:

சரி, காலம் கணிப்பதற்கு வருவோம்.

தபால் முத்திரை இல்லாதது இயல்பு. உங்களுடையவை உறைக்குள் வைத்து அனுப்பியவை, சில நேரில் கொடுத்தவையாகவும் இருக்கும். உறையைக் கிழித்து எறிந்துவிட்டுக் கார்டை மட்டும் ஆல்பத்தில் ஒட்டினார்கள். அது அந்தக் கால வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் மாலை நேரத்தில் ஆசையோடு செய்த வேலை. அந்த ஆல்பங்கள் இல்லாவிட்டால் இன்று நமக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அரசி மேரியின் தொகுப்பும் அப்படி ஆல்பங்களில் சேர்த்ததுதான்.

பட்டு இழை தொங்குவது 1880களின் மோஸ்தர். இரண்டு கார்டுகளை முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் இழையைச் செருகியிருப்பார்கள், சிலவற்றில் தொங்கவிடக் கயிறும் குஞ்சமும் இருக்கும். தாங்கியும் வண்ணத் தட்டும் ரஃபேல் டக் நிறுவனத்தின் முத்திரை. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1893இல் அவர்களுக்கு அரச அங்கீகாரம் கிடைத்தது. “மாட்சிமை தங்கிய அரசிக்குப் பதிப்பாளர்” என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் உங்கள் கார்டு 1893க்கும் 1901க்கும் இடைப்பட்டது. அரசி இருக்கும் இடத்தில் மன்னர் என்றிருந்தால் விக்டோரியாவுக்குப் பிந்தியது. டக் கார்டுகளுக்கு இப்படித் தாளையே கேட்க வேண்டியிருப்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் மீது விழுந்த குண்டுகளில் அவர்களுடைய ரஃபேல் ஹவுஸ் கட்டடம் எரிந்து, மூல ஓவியங்களும் பதிவேடுகளும் போய்விட்டன.

“ஜெர்மனியில் அச்சிட்டது” என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் குறிக்கச் சொல்லும் சட்டம் பிரிட்டனில் 1887இல் வந்தது, அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தோடு வந்தது. அந்த வரி இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது என்று கொள்ளலாம். வரி இல்லாததை மட்டும் வைத்து முந்தையது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எதுவும் எழுதாத கார்டுக்கு லென்ஸ்தான் துணை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். முகத்தையோ வானத்தையோ பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாக, மேலே மேலே பல வண்ணத்தில் படிந்திருந்தால் அது வண்ணக் கல்லச்சு. ஒவ்வொரு புள்ளியும் கல்லில் ஒருவர் கையால் வைத்தது. புள்ளிகள் எல்லாம் வரிசை பிடித்து வலைபோல நின்றால் அது ஹாஃப்டோன், பிந்தைய காலத்து அச்சு. முதல்முறை அந்தக் கைப்புள்ளிகளைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் வேறெதிலும் மனசு போகாது, முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கோலின் கார்டைப் போலவே ஒன்று எங்காவது மலிவாகக் கண்ணில் பட்டால் அவசரப்பட வேண்டாம். டி லா ரூ நிறுவனம் 1881இல் அதை மறுபதிப்பாக அடித்தது, அதற்கப்புறமும் பலர் அடித்திருக்கிறார்கள். மூலத்தில் வண்ணம் கையால் தீட்டியது, தூரிகை கோட்டைத் தாண்டிய இடம் தெரியும். மறுபதிப்பு வண்ணக் கல்லச்சு. அதே லென்ஸ் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பின்பக்கம் பார்க்கும் ஆசையில் கார்டுகளை ஆல்பத்திலிருந்து பிய்த்துவிடாதீர்கள். நீரில் ஊறவைத்தால் பிரியும் என்று சிலர் சொல்வார்கள். பட்டு இழை சாயம் விடும், அட்டை அடுக்கடுக்காக உரியும், ஓரத்துத் தங்கப் பூச்சும் போய்விடும். எனக்கே பின்பக்கம் உயிர் என்றாலும் ஒட்டிய கார்டை நான் தொடுவதில்லை. ஆல்பத்தைத் தொகுத்தவர் எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்பதும் பென்சில் குறிப்புகளும் சேர்ந்ததுதான் உங்கள் ஆல்பம். பக்கங்களுக்கு நடுவில் அமிலமில்லாத மெல்லிய தாள் வைத்து, வெளிச்சம் படாத இடத்தில் படுக்கை வசமாக வையுங்கள். முடிந்தால் 1870களின் பக்கங்களை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்கள். மார்க்கஸ் வார்ட் கார்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.